தெப்பக்குளத்து நாடிநூல்: துடிப்புக் கடிகாரத்தைப் படிப்பவர் யார் என்பது பற்றிய ஆராய்ச்சி

இதயத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஒன்றை மட்டும் ஆராயாமலே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கட்டியிருப்பவர்தான் அதைப் பார்க்கிறார் என்பதே அது. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காலையில் ஒருமுறை சுற்றி வருபவர் எவரும் இக்கொள்கையைக் கைவிட்டுவிடுவார். கடிகாரம் ஒருவர் கையில் இருக்கிறது, படிப்பவர் வேறொருவர். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நடப்போருக்கும் ஓடுவோருக்கும் இதனால் யாதொரு பயனும் விளையாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது ஆய்வு நேர்மை.

முதலில் களம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த இக்குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம்தான் குளமாயிற்று என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவரே மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். வறண்டு கிடந்து, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலமும் உண்டு. இப்போது வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து நிற்கிறது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டித்தால் 3900 அடி, 1.2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரையில் நடக்கும் எவருடைய கடிகாரமும் இதை ஒப்புக்கொள்வதில்லை. சுவரை ஒட்டி நடப்பவருக்கு ஓர் அளவு, கடைகளை ஒட்டி நடப்பவருக்கு ஓர் அளவு. ஓரிடத்தில் நின்று பேசியவருக்குக்கூடச் சில அடிகள் கூடுகின்றன. செயற்கைக்கோள் அவரை நிற்க விடுவதில்லை.

இங்கே ஒரு கால ஒற்றுமையைச் சுட்ட வேண்டும். இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி நூல் வெளியிட்டது 1628இல். அதற்கு 17 ஆண்டுகள் கழித்து, மனிதர்கள் சுற்றி வருவதற்கு ஏற்ற குளம் மதுரையில் வெட்டப்பட்டது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கூறும் துணிவு எனக்கு இல்லை. தொடர்பில்லை என்று நிறுவவும் இதுவரை எவரும் முன்வரவில்லை.

நாடி பார்ப்பது இவ்வூருக்குப் புதிதன்று. சித்த வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைப்பார். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். வாதம் அன்னமாகவும் கோழியாகவும் மயிலாகவும் நடக்கும், பித்தம் ஆமையாகவும் அட்டையாகவும் ஊரும், கபம் தவளையாகத் தாவும், பாம்பாக நெளியும் என்பது சித்த நூல் வழக்கு. ஏழு உயிர்களை ஒரு மணிக்கட்டில் கண்டவர்கள் அவர்கள். இன்றைய கடிகாரம் அதே இடத்தில் ஓர் எண்ணை மட்டும் காண்கிறது. மேலும், ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது மரபு. தெப்பக்குளத்து ஆண்களோ கடிகாரத்தை இடக்கையில் கட்டுகிறார்கள். ஆகவே சித்த முறைப்படி இங்கே பதிவாகும் துடிப்புகள் யாவும் அவரவர் மனைவியருடையவை என்று வாதிட இடமுண்டு. நான் வாதிடவில்லை.

மேற்கே சாந்தோரியோ என்னும் இத்தாலிய மருத்துவர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிற்றில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். அது ஆடும் வேகம் நோயாளியின் நாடியோடு ஒத்துவரும்வரை கயிற்றை நீட்டியும் சுருக்கியும் பார்த்து, கயிற்றின் நீளத்தையே நாடியின் அளவாகக் குறித்துக்கொண்டார். இங்கிலாந்தில் ஜான் ஃப்ளோயர், நாடி எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் செய்வித்து, 1707இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். இவர்கள் எல்லாரிடமும் ஓர் ஒழுங்கு இருந்தது. கை ஒருவருடையது, கணக்கு மற்றவருடையது.

ஒழுங்கைக் குலைத்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். கெம்பெலே என்ற ஊரில் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம், மார்புப் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் மணிக்கட்டுக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனியில் தன்னந்தனியாகச் சறுக்கிப் போகிறவனுக்கு நாடி பிடித்துப் பார்க்க ஆள் கிடைக்காது. அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. பின்லாந்துக்கு அது சரி. தெப்பக்குளக் கரையில் காலை ஆறு மணிக்கு ஒருவர் கால்மணி நேரம் தனியாக நடந்து காட்டட்டும்.

கடிகாரம் இங்கே மீண்டும் பிறர் கண்ணுக்குப் போனதற்கு முதற்காரணம் வெள்ளெழுத்து. நடைக்கு வருவோரில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், அல்லது ஓய்வுக்கு நாள் எண்ணுகிறவர்கள். படிக்கும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். வியர்வையில் மூக்கை விட்டு வழுக்கிவிடுமாம். கையை நீட்டிப் பார்த்தால் தெரியாதா எனின், தெரியாது. கை முடியும் இடத்துக்கு அப்பால்தான் எழுத்து தெளியத் தொடங்குகிறது. எனவே, “எவ்வளவுண்டு பாருங்கண்ணே” என்று மணிக்கட்டு பக்கத்தில் வருபவரிடம் நீட்டப்படுகிறது. அண்ணனுக்கும் கண்ணாடி வீட்டில்தான். அவர் கண்ணைச் சுருக்கி, “அறுநூத்திப் பதினெட்டுங்குதேப்பா” என்கிறார். இரண்டு பேரும் நின்றுவிடுகிறார்கள். பின்னால் வந்த கல்லூரிப் பையன் எட்டிப் பார்த்து, “அது டயம்ங்கய்யா, ஆறு பதினெட்டு. துடிப்பு கீழ இருக்கு, நூத்திப் பதினெட்டு” என்று சொல்லிவிட்டுப் போகிறான். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய ஊர் இது. கண்புரையை அகற்றிவிடலாம், வீட்டில் விட்டு வந்த கண்ணாடிக்கு அறுவை சிகிச்சை கிடையாது.

எண் வாசிக்கப்பட்டதும் உரை தொடங்குகிறது. எண் கூடினால் நன்று என்பார் ஒரு சாரார், குறைந்தால் நன்று என்பார் மற்றொரு சாரார். முன்னவரைக் கூடுதற் கட்சியார் என்றும் பின்னவரைக் குறைதற் கட்சியார் என்றும் வழங்குவோம். “நூத்தி முப்பதத் தொட்டாத்தாண்ணே கொழுப்பு கரையும்” என்பது முதற்கட்சியின் சூத்திரம். “நூத்தி முப்பதா? இப்படியே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க” என்பது மறுப்பு.

கூடுதற் கட்சியார் தம் கொள்கைக்கு வியர்வையைச் சான்று காட்டுவர். அது பொருந்தாது. என்னை? மே 4ஆம் தேதி கத்திரி பிறந்துவிட்டால் மதுரையில் சும்மா நின்றாலும் வியர்க்கும் ஆதலின். உடம்பைக் குளிரவைக்க இதயம் தோலுக்கும் சேர்த்து இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது; ஆகவே அதே நடைக்கு மார்கழியைவிடச் சித்திரையில் துடிப்பு கூடத்தான் செய்யும். சித்திரை மாதத்து எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுவது சூரியன் பார்த்த வேலைக்குத் தான் கூலி வாங்குவது. இனிக் குறைதற் கட்சியார், நீண்டதூர ஓட்டக்காரர்களின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 40, 50 முறைதான் துடிக்கும் என்பர். உண்மை. ஆனால் தம் எண் குறைந்ததற்குக் காரணம், மாரியம்மன் கோயில் வாசலில் நின்று ஊர்க்கதை பேசியதுதான் என்பதை அவர்கள் உரையில் சேர்ப்பதில்லை.

அடுத்து வருவது வயதுச் சிக்கல். இக்கட்டுரையின் மிகக் கடினமான பகுதி இது. ஒருவருடைய உச்சத் துடிப்பை அறிய 220இல் வயதைக் கழிக்க வேண்டும் என்பது 1971இல் ஃபாக்ஸும் உடன் எழுதியோரும் தோராயமாகச் சொன்ன கணக்கு. 10, 12 துடிப்பு முன்பின் ஆவது இயல்பு. 2001இல் தனகா குழுவினர் வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிக்கச் சொன்னார்கள். 60 வயதுக்காரருக்கு முதற்கணக்கில் 160, இரண்டாவதில் 166. உலகம் இந்த ஆறு துடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. எந்த வயது என்று எவரும் கேட்கவில்லை.

மதுரை வட்டாரத்தில் அறுபதைக் கடந்தவர்களில் பலருக்கு இரண்டு வயது உண்டு: ஜாதக வயது ஒன்று, சான்றிதழ் வயது ஒன்று. பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர், தலைக்கு மேலே வலக்கையைக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. சேர்த்த ஜூன் மாதத்தை ஒட்டியே ஒரு பிறந்தநாளும் எழுதப்பட்டுவிடும். அந்த நாளைத்தான் இன்று கடிகாரத்தின் செயலியில் பதிகிறார்கள். ஆகவே ஒருவருடைய இன்றைய உச்சத் துடிப்பு, சிறு வயதில் அவருடைய கை எவ்வளவு நீளமாக இருந்தது என்பதைப் பொறுத்தது. இது மருத்துவ உலகம் கவனிக்க வேண்டிய செய்தி. தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. அப்போது இதயத்தின் கருத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவு உரை கண்ட அந்த 118 உண்மையில் எங்கிருந்து வந்தது? கடிகாரத்தின் அடிப்பக்கத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. குறைந்து கூடுவதை எண்ணினால் நாடி. இதற்குக் கடிகாரம் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலில் பதிந்து இருக்க வேண்டும். நம்மவர்களோ எச்.எம்.டி. கட்டிப் பழகியவர்கள். பட்டை தளர்ந்து, கை வீசும்போது முன்னும் பின்னும் ஓட வேண்டும். அதுதான் கடிகாரத்துக்கு அழகு. போதாததற்கு அதே மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறும் கோயில் கயிறும். இடைவெளியில் வெயில் நுழைகிறது, கருவி குலுங்குகிறது, குலுங்கும் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடுகிறது. வேகமாக நடப்பவர் நிமிடத்துக்கு 110, 120 அடி வைப்பார். ஆக, இரு கட்சியாரும் இத்தனை நேரம் வழக்காடிய 118, நெஞ்சுடையதா காலுடையதா என்பது தீரவில்லை. கோழி நடை, மயில் நடை என்று நாடிக்கு நடை சொன்ன சித்தர்களை இவ்விடத்தில் நான் புதிய மரியாதையோடு நினைக்கிறேன்.

இனித் தொலைநாடி. தெப்பக்குளத்தில் இக்கடிகாரத்தைக் காசு கொடுத்து வாங்கியவரைக் காண்பது அரிது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த கையோடு, பெங்களூரு மகனிடமிருந்தோ நியூஜெர்சி மகளிடமிருந்தோ அது வந்து சேர்கிறது. கூடவே ஓர் ஏற்பாடும் வருகிறது: அப்பாவின் துடிப்பு மகளின் கைபேசியிலும் தெரியும். மதுரையில் காலை 6.30 என்றால் கோடைக்கால நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு 9 மணி. இன்று காலை துடித்தது அங்கே நேற்றிரவே தெரிந்துவிடுகிறது. எந்த நாடி சோதிடரும் இதைச் செய்ததில்லை. உடனே தொலைபேசி. “என்னப்பா, திடீர்னு நூத்தி முப்பத்தஞ்சு காட்டுது? ஓடுனீங்களா?” “ஓடலைம்மா. வீட்டு வரி பத்திப் பேச்சு வந்துச்சு.” மகள் நம்பவில்லை. கூட நடந்தவர் ஃபோனை வாங்கி, “ஆமாம்மா, வரி பத்தித்தான் பேசுனோம்” என்று சாட்சி சொன்ன பிறகுதான் அந்த 135 அமைதியடைந்தது.

இளைஞர்கள் இப்படியல்ல, ஓடுகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று தடை எழுப்புவாரும் உளர். அவர்கள் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்திலிருந்து வந்து, வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடினார். அவரைக் கண்டெடுத்துப் பழக்கியவர் பயிற்சியாளர் கண்ணன். தடகளத்தில் ஸ்டாப் வாட்ச் எப்போதும் கோட்டுக்கு வெளியே நிற்பவர் கையில் இருக்கிறது. ஓடுகிறவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் அந்த நேரத்தில் பக்கத்துத் தடத்தில் இருப்பவர் முந்திவிடுவார். மெய்யாக ஓடுகிற இடத்தில்தான் இக்கட்டுரையின் கொள்கை மிகப் பழமையானது.

கலோரிக் கணக்கை விரித்தால் நட்புகள் முறியும் என்பதால் சுருக்கிச் சொல்கிறேன். ஓர் உளுந்த வடைக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று. கரையோரக் கடைகளில் எவரும் ஒரு வடையோடு எழுந்ததை நான் கண்டதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு என் கொள்கையைச் சில நாள் ஆட்டிப் படைத்தது. ஐ.டி. கம்பெனி இளைஞர் ஒருவர். காதில் இயர்போன், பட்டை இறுக்கம், கண் கூர்மை. எவரோடும் பேசாமல் தனியே ஓடினார், தானே பார்த்தார், தானே தலையசைத்துக்கொண்டார். இவர் உண்மையான பின்லாந்துக்காரர் என்று எண்ணி, கட்டுரையைக் கிழித்துவிடலாமா என்ற நிலைக்கே வந்துவிட்டேன். ஆயினும் ஆய்வு முறை கருதி அவரை டீக்கடை வரை பின்தொடர்ந்தேன். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, “தம்பிக்கு எத்தன?” என்று கேட்டார்.

இளைஞர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, “நூத்தி அறுபத்தெட்டுண்ணே” என்றார்.

மாஸ்டர் கேட்டார்: “பார்சலா?”