எம்-சாண்ட் ஆலைக்கு நொச்சிக்குப்பத்தில் இடம் வேண்டி

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை.

பொருள்: கிரஷரும் எம்-சாண்ட் ஆலையும் அமைக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கடற்கரை மணல் மேலேயே குடியிருந்துகொண்டு மணல் ஆலை கேட்கிறார்களே என்று தாங்கள் வியக்கலாம். கடல் மணலில் உப்பு; கம்பியை அரித்துவிடும். ஆற்று மணலை அள்ளித் தீர்த்தாயிற்று. மிச்சம் மலைதான்; அதை உடைத்துப் பொடித்தால் எம்-சாண்ட். மயிலாப்பூரிலும் அடையாறிலும் பழைய வீட்டை இடித்து எழுப்புகிற அடுக்குமாடிகளுக்கு எம்-சாண்ட் இல்லாமல் ஆகாது. அதை உத்திரமேரூர்ப் பக்கம் அரைத்து, அந்த ஊர்க்காரர்களை இருமவைத்து, இவ்வளவு தூரம் லாரியில் ஏற்றிவருவானேன்? வாங்குகிறவர் வாசலிலேயே அரைத்துக் கொடுத்தால் டீசல் மிச்சம்.

மீன் விற்றுப் பார்த்துவிட்டோம். 2023 ஏப்ரலில், எங்கள் குப்பத்து வழியே போகும் லூப் சாலையோரம் எங்கள் வீட்டுப் பெண்கள் வைத்திருந்த மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. மாநகராட்சி வந்து அகற்றியது. நாங்கள் மறியலில் உட்கார்ந்தோம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 366 கடைகளோடு சந்தை திறந்தார்கள், நன்றி. ஆனால் ஒரு கூடை சங்கராவுக்கு இத்தனை அமர்க்களம். எம்-சாண்ட் டிப்பர் உழுதுபோட்ட கிராமத்துச் சாலையைப் பார்க்க இதே வேகத்தில் யாராவது போனதுண்டா? மரியாதை எந்தத் தொழிலில் என்று அப்போதுதான் விளங்கியது.

வேலை ஒன்றும் கடினமில்லையாம். ஜா கிரஷர் பாறையை உடைக்கும், கோன் கிரஷர் ஜல்லியாக்கும், வி.எஸ்.ஐ. இயந்திரம் கல்லோடு கல்லை மோதவிட்டு 4.75 மில்லிமீட்டருக்குள் பொடிக்கும். தூசியைக் கழுவத் தண்ணீர் வேண்டும். போதுமான தண்ணீர் இருப்பதாக விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறோம். எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்! பறக்கிற சிலிகா தூசி நுரையீரலில் படிந்தால் மருந்தில்லை என்கிறார்கள். நெத்திலி காயப்போடும் இடத்தில் படிந்தால் கிரானைட் கருவாடு என்று விலையேற்றிக்கொள்வோம். சாந்தோம் பேராலயத்தின் வெள்ளை நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

குடியிருப்புக்கு 500 மீட்டர் தள்ளி என்ற வாரியத்தின் விதியை அறிவோம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அளந்தால் 500 மீட்டருக்கு முன்பே கடல் வந்துவிடும். அதனால் என்ன? வரைபடத்தில் எங்கள் அடுக்குமாடிகளைப் 'புறம்போக்கு, புதர்' என்று போட்டுக்கொள்ளலாம். நாலு மாடிக் கட்டடத்தைப் புதராக்கும் கைதேர்ந்த ஆட்கள் குவாரித் தொழிலில் நிறைய உண்டு.

எதிர்ப்பு வருமோ என்ற கவலையும் வேண்டாம். திருமயம் பகுதியில் குவாரி முறைகேடுகளைப் பற்றி மனுமேல் மனு கொடுத்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்ட செய்தியை நாங்களும் பார்த்தோம். ஆகவே இது ஆதரவு மனு என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் குறித்துவைக்க வேண்டுகிறோம்.

ஒருவேளை அனுமதி மறுக்கப்பட்டால், தூசி, சத்தம், குழந்தைகள், பள்ளிக்கூடம் என்று தாங்கள் எழுதப்போகும் காரணங்கள் அத்தனையையும் ஒரு நகல் எடுத்து, உத்திரமேரூர்க் கோப்புகளிலும் சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நொச்சிக்குப்பத்து மீனவர்கள்