பங்கு வீட்டுக் கருவேலம்

காரைக்குடிப் பக்கம் ஊருக்கு ஒரு கருவேல அண்ணன் உண்டு. காலையில் ஊருணிக்கரையில் நடக்கப் போவார். நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். சீமைக்கருவேலங்கன்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் நிலத்துக்காரரை வீடு தேடிப் போய்ப் பிடிப்பார். "மேலாப்புல அறுத்துவிட்டா ஆச்சாப்பா? அடுத்த மழைக்கே துளுத்துரும். தூரோட தோண்டணும்! ஆடு காயைத் தின்னுட்டுப் புழுக்கை போட்ட இடமெல்லாம் காடுதான்."

சொல்வது அத்தனையும் சரி. அதுதான் சங்கடம்.

சட்டையில் இரண்டு பை, இரண்டு பத்திரிகை நறுக்கு. வலப்பையில், கருவேலத்தை வேரோடு அகற்றச் சொல்லி, பட்டா நிலத்தையும் விடாமல், 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவு. இடப்பையில், அதே ஆண்டு சென்னையில் வந்த இடைக்காலத் தடை. வலது ஊருக்கு, இடது தன் வீட்டுக்கு. தடைக்குப் பிறகு வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் அண்ணனுக்கு அவசரமாக வேலை வந்துவிடும்.

வீடு எட்டுப் பங்கு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் மின்னும். கொல்லைக் கதவை மட்டும் திறக்க முடியாது, வெளியே கருவேலம் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

"வெட்டிரலாமேண்ணே?"

"நான் ஒருத்தன் வெட்டுனா வம்பு தம்பி. ஈப்போவுல ஒரு பங்கு, மெட்ராஸ்ல மூணு. எல்லாரும் கையெழுத்துப் போடணும்ல?"

முற்றத்து ஓடு மாற்றவே அந்தக் கையெழுத்துகள் இன்னும் வந்தபாடில்லை.

திண்ணையோரம் ஆச்சி நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய பூந்தொட்டி. உண்ணிச்செடிதான். அயல் ஆக்கிரமிப்புச் செடிகளை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு போட்ட 2022 கொள்கையில் கருவேலத்துக்குப் பக்கத்து இருக்கை அதற்கு. சொல்லிப் பார்த்தால், "தொட்டிக்குள்ள இருந்தா அது வீட்டுச்செடி" என்று அண்ணனே தீர்ப்பு எழுதுவார். பழத்தைக் கொத்திக்கொண்டு காட்டுப் பக்கம் பறக்கும் மைனா அப்பீலுக்குப் போவதில்லை.

ஒருநாள் கரிமூட்டக்காரர் கொல்லையைச் சுற்றிவந்து விலை சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரியே ஈப்போ கூப்பிட்டது, மெட்ராஸ் மூன்று முறை கூப்பிட்டது. எட்டுப் பங்காளிக்கும் சம்மதம். கணக்கு மட்டும் சரியாக வரவேண்டுமாம்.

அண்ணன் எட்டாகப் பிரிக்க ஒப்பவில்லை. "ஒன்பதாப் போடுங்க. இம்புட்டு வருசம் ஒரு கொப்பு ஒடியாம அதை வளத்துவிட்டவன் நான்."