அப்கிரேடு பாத்தியதையும் மருமக்கள் வழியும்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

அப்கிரேடு எனப்படுவது, ஒரு மென்பொருளின் பழைய பதிப்பை வாங்கியவர் என்ற பாத்தியதையால் புதிய பதிப்பைக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ பெறும் உரிமையாகும். முந்தையதிலிருந்து பிந்தையதற்கு இறங்கும் உரிமை என்பதால் இது வணிகவியலைவிட வாரிசுச் சட்டத்தின்பாற்பட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு. வாரிசு வழக்கில் நாஞ்சில் நாட்டுக்குள்ள தேர்ச்சி சொல்லித் தெரியவேண்டியதன்று. மாமன் சொத்தை மருமகனுக்குத் தந்த மருமக்கள் வழி, 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆட்டங்காணும் முன்பே, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலில் நகைப்புக்குள்ளானது. விண்டோஸ் எக்ஸ்பியைக் கடையில் தனியே வாங்கியோருக்கான ஒப்பந்தமோ, முதல் உரிமையாளர் அதை ஒரே ஒருமுறை பிறருக்கு மாற்றித்தரலாம் என்றது. அதாவது மென்பொருள் மருமகனைச் சேரும், மருமகனின் மருமகனைச் சேராது.

2001இல் வந்த எக்ஸ்பியின் அப்கிரேடு சிடி, வெறும் வட்டில் நிறுவப்படும்போது, பழைய விண்டோஸ் சிடியைச் செருகிக் காட்டுமாறு கேட்டது. அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலை ஆவணங்கள் நூற்றாண்டுகளைத் தாண்டி நின்ற நாஞ்சில் நாட்டில் இது எளிய கோரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு பருவமழையும் முறைவைத்துப் பெய்யும் குமரி மாவட்டத்தில், டிடிபி கடையின் மேசை இழுப்பறையில், கல்யாணக் கடிதத்தின் புரூஃபுக்கும் வற்றிய ஸ்டாம்ப் பேடுக்கும் அடியில் பூஞ்சை பூத்துக் கிடக்கும் சிடியிடம் ஓலையின் ஆயுளை எதிர்பார்ப்பது நியாயமன்று. மேலும், இச்சோதனை காசு கொடுத்தவரையே மறித்தது. கள்ள சிடிக்காரரிடம் முழுப் பதிப்பே இருந்தமையால் அவரை எவரும் எதுவும் கேட்கவில்லை.

இதற்கு மாற்றான வழிக்குச் சான்றும் அதே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமே உண்டு. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தோர்க்கு விண்டோஸ் 10 இலவசமாயிற்று. கெடு முடிந்தபின், திரைவாசிப்பான் (திரையிலுள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) போன்ற உதவிக் கருவிகளைப் பயன்படுத்துவோர்க்கு மட்டும் சலுகை 2018 ஜனவரிவரை நீண்டது. அதற்குத் தகுதிச் சான்று, 'ஆம், பயன்படுத்துகிறேன்' என்று சொல்லும் பொத்தானை அழுத்துவதேயன்றி, டாக்டர் சர்ட்டிபிகேட்டோ தாசில்தார் கையொப்பமோ அன்று. கண் நன்றாகத் தெரிந்தவர் சிலரும் அதை அழுத்தியிருப்பர். அவர்களைப் பிடிக்கும் பொருட்டுப் பார்வையற்றவர்களை வரிசையில் நிறுத்தாதது நல்ல கணக்கே. பிற்பாடு அப்பொத்தானும் போயிற்று. எனினும் பழைய விண்டோஸ் 7 கீயைத் தட்டியவரை நிறுவனம் 2023 வரை, அறிவிப்பு ஏதுமின்றி, உள்ளே விட்டுக்கொண்டுதான் இருந்தது.