எட்டு மட்டும் வளராத கதை

2016 ஜூனில் என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1070 என்ற கிராபிக்ஸ் கார்டை விற்பனைக்கு விட்டது. மெமரி 8 ஜிபி. அறிவித்த விலை 379 டாலர். 2025 ஏப்ரலில் அதே நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற கார்டை விட்டது. மெமரி 8 ஜிபி. அறிவித்த விலை 379 டாலர். 2016-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இந்தக் கார்டு வந்தபோது ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. பிள்ளையின் உயரம் கூடியது, சட்டை அளவு கூடியது, ஸ்கூல் ஃபீஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூடாமல் நின்றது இந்த எட்டு மட்டும்தான்.

வேகம் கூடவில்லையா என்று யாராவது வக்காலத்து வாங்குவார்கள். கூடியிருக்கிறது, தாராளமாகவே கூடியிருக்கிறது. பழையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். கோபமே அதனால்தான் வருகிறது. ஓட வலுவுள்ள சிப்பைச் செய்யத் தெரிந்தவர்கள், அது மூச்சுவிட இடம் வைக்காமல் விற்கிறார்கள். வேகம் இன்றைய விளம்பரத்துக்கு. மெமரி நாலு வருஷம் கழித்து வாங்கியவனுக்கு. நாலு வருஷம் கழித்து நீங்கள் சௌக்கியமாக இருந்துவிட்டால் அவர்கள் கடையை எப்படி நடத்துவது?

மெமரி போதாவிட்டால் என்ன ஆகும்? 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கணினிக்கு வந்தபோது 8 ஜிபிக்காரர்கள் அதைக் கண்ணாரக் கண்டார்கள். பிளேஸ்டேஷன் 5-க்காகச் செய்த கேம் அது. அந்தப் பெட்டியில் மொத்தம் 16 ஜிபி. இங்கே 8 ஜிபி கார்டில் செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், சுவரில் செங்கல் காணாமல் போய்ச் சேறு அப்பியிருக்கும். கேமை அரைவேக்காடாகக் கொண்டுவந்தவர்கள் மேலும் தப்பு உண்டு, மறுக்கவில்லை. பிறகு பேட்ச் மேல் பேட்ச் போட்டுச் சரிக்கட்டினார்கள். ஆனால் நோய் அந்த ஒரு கேமோடு நிற்கவில்லை. கார்டின் மெமரி நிரம்பியதும் மிச்சப் படங்களெல்லாம் மதர்போர்டைத் தாண்டிக் கணினியின் சாதா ரேமில் போய் உட்காரும். அங்கிருந்து இழுத்துவர நேரமாகும். அந்த நேரம்தான் திரையில் திக்கல். மூலையில் சராசரி 60 ஃப்ரேம் என்று எண் சிரித்துக்கொண்டே இருக்கும். வாசலில் எதிரி திரும்பும் நொடியில் படம் உறையும். உறைந்தது விலகும்போது நீங்கள் செத்திருப்பீர்கள்.

இதில் இன்னொரு புண்ணியம் செய்திருக்கிறார்கள். 1070 மதர்போர்டோடு பேசியது 16 லேனில். 5060 டிஐ பேசுவது 8 லேனில். புது போர்டில் இது பெரிதாகத் தெரியாது. ஆறேழு வருஷப் பழைய பிசிஐஇ 3.0 போர்டில் மெமரி வழியும்போது நன்றாகவே தெரியும். மொத்தமாக மாற்றக் காசில்லாமல் கார்டை மட்டும் மாற்றுகிறவன் வைத்திருப்பது அந்தப் பழைய போர்டைத்தான். இல்லாதவன் வீட்டைத் தேடிப்போய் அடிக்கிற பொறியியல்!

நெடுநாள் உழைக்கும் கார்டு செய்ய இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை கைதவறிச் செய்துவிட்டார்கள். 2017 மார்ச், ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 ஜிபி, 699 டாலர். அந்தப் பாவி கார்டு சாகவே மாட்டேன் என்றது. அடுத்த தலைமுறை வந்தது, வாங்கியவர்கள் அசையவில்லை. கடைசியில் 2020-ல் நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங்கே முன்வந்து, பாஸ்கல் தலைமுறைக் கார்டு வைத்திருக்கும் நண்பர்களே, இனி பயமில்லாமல் மாறலாம் என்ற பொருளில் அழைக்க வேண்டியதாயிற்று. எதற்கு மாற? 699 டாலர் 3080-க்கு. அதில் மெமரி 10 ஜிபி. மூன்றரை வருஷம் கழித்து, அதே விலைக்கு, ஒரு ஜிபி குறைவு. செய்த தப்பு மறுபடி நடக்கக் கூடாது என்ற பொறுப்புணர்ச்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1080 டிஐ-யை இறுதியில் ஓரங்கட்டியது, ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே ட்ரேசிங். அதற்கான வன்பொருள் இல்லாவிட்டால் ஓடவே மாட்டேன் என்று 2024 டிசம்பரில் இண்டியானா ஜோன்ஸ் கேம் சொன்னது, 2025 மே-யில் புதிய டூம் சொன்னது. 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவரும் நின்றது. எட்டரை வருஷம். நியாயமான ஆயுள் என்றே சொல்வேன்.

அடுத்தது பெயர். இந்தத் தொழிலில் பெயர் வைப்பதே தனிக்கலை. 2016-ல் ஜிடிஎக்ஸ் 1060 என்று இரண்டு கார்டு வந்தது. 3 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. மெமரிதான் வித்தியாசம் என்று நம்பி 3 ஜிபி வாங்கியவனுக்கு உள்ளே இருந்த கோர்களும் குறைவு என்று பின்னால் தெரிந்தது. அதற்கு முன்னால் 970. 4 ஜிபி என்று விற்றார்கள். அதில் கடைசி அரை ஜிபி ஆமை வேகம். அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், 2016-ல் கார்டுக்கு 30 டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. அது அங்கே வாங்கியவர்களுக்கு. இங்கே வாங்கியவனுக்கு அனுபவம் மட்டும். 2022-ல் துணிச்சல் உச்சிக்கு ஏறியது: ஆர்டிஎக்ஸ் 4080 என்று இரண்டை அறிவித்தார்கள். 16 ஜிபி-யில் 9,728 கோர், 12 ஜிபி-யில் 7,680 கோர், பெயர் மட்டும் ஒன்று, 12 ஜிபி-யின் விலை 899 டாலர். ஊரே காறித் துப்பியதும் அக்டோபர் 14 அன்று சின்னதை வாபஸ் வாங்கினார்கள். வெட்கப்பட்டு அல்ல. ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 100 டாலர் இறங்கி வந்து நின்றது.

எதிர்க்கடை ஏஎம்டி யோக்கியம் என்று அதன் சிவப்புக்கொடித் தொண்டர்கள் கைதட்ட வேண்டாம். 2020-ல் 4 ஜிபி மெமரி இன்றைய கேமுக்குப் போதாது என்று உபதேசம் எழுதியது ஏஎம்டி. 2022 ஜனவரியில் 4 ஜிபி-யோடு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை விற்பனைக்கு விட்டபோது அந்த உபதேசம் இணையத்திலிருந்து மாயமானது. நாலு பேர் கண்டுபிடித்துச் சத்தம் போட்டதும் திரும்பி வந்தது. 2025 ஜூனில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யை 8 ஜிபி-யிலும் 16 ஜிபி-யிலும் ஒரே பெயரில் இறக்கினார்கள். கேட்டதற்கு, பெரும்பாலானோர் 1080பி-யில்தானே ஆடுகிறார்கள், 8 ஜிபி-க்கு மேல் அவர்களுக்கு எதற்கு என்ற தோரணையில் பதில் சொன்னார் அந்நிறுவன அதிகாரி ஃப்ராங்க் அசோர். ஏழை வயிறு சின்னது என்று பணக்காரன் கண்டுபிடித்துச் சொல்வது புதிதா என்ன?

2025 ஜனவரியில் என்விடியா மேடையில் இன்னொரு அற்புதம். 549 டாலர் 5070, 1,599 டாலர் 4090-க்குச் சமம் என்றார்கள். எப்படி? கார்டு ஒரு ஃப்ரேமை உண்மையாக வரையும். அடுத்த மூன்றை ஏஐ ஊகித்து நடுவில் செருகும். இலையில் ஒரு இட்லி வைத்து, மூன்று இட்லியைப் படமாக வரைந்து, நாலு இட்லிக்குப் பில் போடுகிற ஹோட்டல் இது. படம் வழவழப்பாகத் தெரியும்தான். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியது அந்த மூன்றுக்கும் தெரியாது. இன்னொன்றையும் மேடையில் சொல்லவில்லை: ஃப்ரேம் செருகும் வித்தைக்கும் மெமரி வேண்டும். 8 ஜிபி-யில் இடமில்லாமல் தவிப்பவனுக்குத் தரும் மருந்தே இடத்தைத் தின்னும்.

விமர்சகர்கள் சொல்வார்களே என்றால், அதற்கும் ஏற்பாடு உண்டு. 5060 டிஐ வந்தபோது விமர்சகர்களுக்குப் போனது 16 ஜிபி. 8 ஜிபி-யைச் சோதிக்க நினைத்தவர்கள் காசு கொடுத்துக் கடையில் வாங்கினார்கள். அடுத்த மாதம் வந்த 5060-க்கு, முன்கூட்டிச் சோதிக்க டிரைவரையே பொதுவாகத் தரவில்லை. நல்ல சரக்கை ஒளித்து விற்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை.

மெமரி விலை அதிகம் என்று ஒரு சாக்கு. 2023-ல் 4060 டிஐ-யில் கூடுதல் 8 ஜிபி-க்கு 100 டாலர் வாங்கினார்கள். 2025-ல் 5060 டிஐ-யில், அதைவிடப் புதிய ரக மெமரிக்கு, கூடுதல் 8 ஜிபி 50 டாலர். செலவைப் பார்த்துப் போட்ட விலை இப்படியா இறங்கும்? 2025 கடைசியில் நிஜமாகவே மெமரிக்குப் பஞ்சம் வந்தது; ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போயின. மலிவாகக் கிடைத்தபோது தராதவர்கள் இனிப் பஞ்சத்தைக் காட்டியும் தர மாட்டார்கள். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 130 பில்லியன் டாலருக்கு மேல். அதில் டேட்டா சென்டர் மட்டும் 115 பில்லியன், கேமிங் 11 பில்லியன் சொச்சம். வளர்த்துவிட்டவன் இப்போது வாசல் திண்ணையில்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கார்டுப் பெட்டியை வாங்கிப் பாருங்கள். முன்பக்கம் முழுக்க ஒளிவெள்ளம், நடுவில் சுண்டுவிரல் உயரத்தில் 5060. மெமரி அளவு கீழ்மூலையில், மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி மாதிரி.

“மூணு ஃபேன் தம்பி, ஆர்ஜிபி வேற. லேட்டஸ்ட் சீரிஸு.”

“மெமரி எவ்வளவுண்ணே?”

“அதெல்லாம் போதும் தம்பி. ஃபுல் ஹெச்டிதானே ஆடப்போறீங்க?”

கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. கம்பெனி மேடையில் சொன்னதைத்தான் அவர் கல்லாவில் சொல்கிறார். என் கோபம் வேறொருவர் மேலும் உண்டு: மாதத்தவணை போட்டு வாங்கிய கார்டுக்காக, அதை விற்றவன் மானத்தைக் காக்க ராத்திரி முழுக்க இணையத்தில் சண்டை பிடிக்கிற ரசிகர். என்விடியாவின் பச்சைக்கு ஒரு கூட்டம், ஏஎம்டியின் சிவப்புக்கு ஒரு கூட்டம். இரண்டு கம்பெனியும் இவர்களுக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

இத்தனைக்கும் பிறகு வாங்கத்தான் போகிறீர்கள். ஆடாமல் இருக்க முடியாது, எனக்கும் முடியாது. ஐந்தாறு வருஷம் வைத்துக்கொள்ள வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியில் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், கீழ்மூலையைப் பாருங்கள். 5060 டிஐ-யோ 9060 எக்ஸ்டி-யோ, 16 ஜிபி என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள். அறிவித்த விலையில் வித்தியாசம் 50 டாலர்தான். அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் புது 8 ஜிபி-க்குப் போகாமல், பில்லும் மிச்ச வாரண்டியும் உள்ள பழைய 12 ஜிபி, 16 ஜிபி கார்டைத் தேடுங்கள். கார்டு எந்த நாட்டு இறக்குமதி, வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேட்டு, பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மறுபடியும் “போதும் தம்பி” என்றால், எத்தனை வருஷத்துக்குப் போதும் என்பதையும் அதே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.