உயரத்திலிருந்து ஊற்றிய தண்ணீர்

பாரிசுக்குப் பக்கத்துப் பொண்டியில் எங்கள் குடியிருப்புக்குக் கொஞ்சம் தள்ளி லூர்க் கால்வாய் ஓடுகிறது. பாரிசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் உத்தரவிட்டு வெட்டுவித்த கால்வாய். அதன் கரையில் நடக்கும்போதெல்லாம் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வளவுக் கிணறுதான் கண்ணுக்குள் வரும்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறென்று ஒன்றில்லை. மழை சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். விடியமுன்னமே அப்பா துலா மிதிப்பார், அண்ணன் பட்டை பிடிப்பார், நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறுவேன்.

வெயில் ஏறிய பிறகு வேலிக்கு வெளியே குடங்களோடு சில பெண்கள் வந்து நிற்பார்கள். எங்கள் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள். கயிற்றைத் தொட அவர்களுக்கு அனுமதியில்லை. யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். பலநாள் நான்தான் ஊற்றினேன். வாளி குடத்தில் முட்டிவிடக் கூடாதென்று உயரத்திலிருந்து ஊற்றச் சொல்வார்கள். பாதி மண்ணில் சிந்தும். தாகம் தீர்க்கிறேன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது.

2015 தொடக்கத்தில் அக்கா தொலைபேசியில் அழுதா. "தம்பி, கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதக்குதடா. தேத்தண்ணி போட்டாலும் மணக்குது." சுன்னாகம் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கியிருந்தது. சுண்ணக்கல் நிலத்தில் ஒரு இடத்து அழுக்கு அந்த இடத்தோடு நிற்பதில்லை. கிணறு கிணறாக எண்ணெய் தெரிய, சனம் வீதிக்கு இறங்கியது. வைத்தியர்களும் மாணவர்களும் கூட நின்றார்கள். மல்லாகம் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று சொல்லி, 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. ஒரு குடும்பம் தனியாக முறையிட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

எண்ணெய் மிதந்த அந்த நாட்களில் தண்ணீர்ப் பவுசர் ஒழுங்கைக்கு வரும். அக்கா வாளியோடு வரிசையில் நிற்பா. அவவுக்கு முன்னால் நின்றது, ஒருகாலம் எங்கள் வேலிக்கு வெளியே காத்திருந்த பெண்ணின் மகள். "அவள் தன்ர வாளியை நிரப்பிப்போட்டு, என்ர வாளியையும் குழாய்க்குக் கீழ வைச்சுவிட்டவள்" என்றா அக்கா. பிறகு கொஞ்சநேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

தண்ணீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010இல் தீர்மானித்தது. எண்ணெய் கலந்தபோது அந்த உரிமையை எங்கள் சனம் உரக்கக் கேட்டது. கேட்டது முழு நியாயம். ஆனால் அதே உரிமை வேலிக்கு வெளியே குடத்தோடு நின்ற காலத்தில் நாங்கள் அதைத் தருமம் என்று நினைத்திருந்தோம். அந்தக் கணக்கையும் நாங்கள் தீர்க்க வேண்டும்.

அதே 2015இல்தான் இங்கே பாரிசில், லாச்சப்பல் மெத்ரோப் பாலத்தின் கீழ் சூடான், எரித்திரியாப் பிள்ளைகள் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். ஜூன் 2ஆம் திகதி பொலிஸ் அவர்களை அகற்றியது. அதற்குச் சில நாள் முன், மரக்கறி வாங்கப் போன என்னிடம் ஒரு பெடியன் வெறும் போத்தலை நீட்டினான். கையிலிருந்த தண்ணீரை ஊற்றினேன், அவன் போத்தல் வாயோடு என் போத்தல் வாயை ஒட்டவைத்து. ஒரு சொட்டும் சிந்தவில்லை.