தண்டவாளத் திருக்கோல இலக்கணம்

இந்நூல் தண்டவாளத்தின் வகை சொல்ல எழுந்தது. எல்லை: கிழக்கே கொரட்டூர், மேற்கே திருநின்றவூர், வடக்கே புழல் ஏரி, தெற்கே பூந்தமல்லி. கேட்போர்: ரயில்வே கேட் மூடியதும் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நிற்பவர்கள். பயன்: கேட் திறக்கும்வரை பொழுது போதல். வீடுபேறு இதனால் கிட்டாது. வீட்டுக்குப் போய்ச் சேரலாம்.

இப்படியொரு நூலுக்கு இந்த வட்டாரமே தகுந்த இடம். செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் ஏற்றிவர 1837இலேயே இந்தப் பக்கம் இருப்புப்பாதை போட்டார்கள். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், நம் அம்பத்தூர், ஆவடி மண்ணின் மேல்தான் போனது.

முதலில் பிறர் மதம் கூறி மறுத்தல்.

ரயில்வேக்காரர் மதம் எடை பற்றியது. ஒரு கெஜத்துக்கு 90 ராத்தல், ஒரு மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என்று மூன்று குலம் வகுப்பார்கள். எவ்வளவு பாரம் மேலே ஓடியது என்பதே ஆயுட்கணக்கு. சதுர மில்லிமீட்டருக்கு 90 கிலோ இழுவலிமை கொண்ட எஃகில் 52 கிலோ தண்டவாளத்துக்கு 52.5 கோடி டன், 60 கிலோவுக்கு 80 கோடி டன் என்று பாதைக் கையேடு வரம்பு வைத்திருந்தது. நல்ல கணக்குதான். ஆனால் வேலையில் இருக்கும்வரைதான் செல்லும். ஓய்வு பெற்ற மறுநாள் குலம் கோத்திரம் எல்லாம் போய், ஏலப் பட்டியலில் இத்தனை டன் என்று ஒரு வரி ஆகிவிடும். காயலான் கடைக்காரர் மதம் இன்னும் சுருக்கம்: கிலோ என்ன விலை? இந்த இருவரும் பொருளை நிறுத்துப் பார்த்தார்களே தவிர, நின்று பார்க்கவில்லை.

நம் மதம் கோலம் பற்றியது. இதே தடத்தில் திருநின்றவூரில் பெருமாள் நின்ற கோலம். இன்னும் சில ஸ்டேஷன் தள்ளித் திருவள்ளூரில் கிடந்த கோலம். கோலம் மாறியதால் பெருமை குறைந்ததாக எந்த ஆழ்வாரும் சொல்லவில்லை. தண்டவாளத்துக்கும் அதுவே விதி.

தோற்றம் பற்றிச் சுருக்கமாக. ஆவடி டாங்க் செய்யும். அம்பத்தூர் சைக்கிள் செய்யும். பக்கத்துப் பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் ரயில் பெட்டியே செய்யும். தண்டவாளம் மட்டும் இங்கே பிறப்பதில்லை. பெரும்பாலும் சத்தீஸ்கரின் பிலாய் எஃகு ஆலையில் பிறந்து வருகிறது. உருக்கிய எஃகை வெற்றிடத்தில் வைத்து, கரைந்திருக்கும் ஹைட்ரஜனை உறிஞ்சி எடுக்கிறார்கள். உள்ளே தங்கினால் பின்னாளில் அதுவே மயிரிழை விரிசலாகும். பிறகு கட்டியாக வார்த்து, மறுபடி செக்கச் சிவக்கக் காய்ச்சி, உருளைகளுக்கிடையே விட்டு விட்டுத் தலை, இடை, பாதம் என மூன்று உறுப்பும் திரட்டுகிறார்கள். ஆறும்போது தலை கனம், பாதம் அகலம் என்பதால் கோணிக்கொள்ளும்; அதை நிமிர்த்தவும் உருளைகள் உண்டு. முன்பு 13 மீட்டர் துண்டாக வந்தது. இப்போது பற்றவைத்து 260 மீட்டர் நீளத்துக்கு வருகிறது: 60 கிலோ குலத்தில் ஒன்றின் எடை 15.6 டன். அதைச் சுமந்துவர ஒரு முழு ரயிலே தேவை.

இனி கிடந்த கோலம். பார்ப்பவர் தூக்கம் என்பார். நாம் அறிதுயில் என்போம். ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தைத் தன்போக்கில் விட்டால், 30 டிகிரி சூடு ஏறுவதற்குள் சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். கிளிப்பும் ஸ்லீப்பரும் ஜல்லியும் சேர்ந்து நீள விடாமல் பிடித்துவைத்திருப்பதால், சித்திரை வெயிலில் அது அசையாமல் கிடந்தபடியே பெரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கீமேன் தினமும் சுத்தியலோடு நடந்து பார்ப்பது இந்தத் துயிலைத்தான். உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அல்ட்ராசோனிக் கருவியை உருட்டிப் போகிறார்கள். பழுது கண்ட இடத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி இருந்தால், கண்காணிப்பில் வை. மூன்று இருந்தால், உடனே மாற்று. நெற்றிக் குறியைக் கொண்டு சம்பிரதாயம் அறியும் ஊரில் இதற்கு உரை வேண்டாம்.

கிடப்பதற்கு எதிரி பாதத்தில் பிடிக்கும் துரு. நெடுங்காலம் எக்ஸ்பிரஸ் பெட்டிகளின் கழிவறை நேரே தடத்தில் திறந்தது. உப்பும் ஈரமும் கிளிப் அடியில் தங்கிப் பாதத்தை அரித்தன. மின்சார ரயிலில் கழிவறையே இல்லை என்று நாம் தினமும் நொந்துகொள்கிறோம். அதன் தண்டவாளம் அப்படி நொந்திருக்காது. பயோ டாய்லெட் வந்தபின் எக்ஸ்பிரஸ் தடத்துக்கும் விமோசனம். தாரெண்ணெய்ப் பூச்சு, பிடிமானத்தடியில் கிரீஸ், வளைவில் பக்கவாட்டு மசகு ஆகியவை நித்திய கைங்கரியம்.

மெயின் லைனுக்குப் போதாது எனக் கழித்தது சைடிங்கில் கிடக்கும். இதைப் பதவி இறக்கம் என்பவர் உளர். மெதுவாகப் போகும் வண்டிகளைத் தாங்கிக்கொண்டு இன்னும் பல்லாண்டு இருக்கலாம் என்றால் அதை இறக்கம் என்று நாம் எழுதமாட்டோம்.

மறுபயனுக்கென்றே பிறந்த குலம் ஒன்று இருந்தது: இருதலைத் தண்டவாளம். மேல்தலை தேய்ந்ததும் கவிழ்த்துப் போட்டுக் கீழ்த்தலையை ஓட்டலாம் என்று 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கணக்குப் போட்டார்கள். கவிழ்த்துப் பார்த்தால், தாங்கிய வார்ப்பிரும்பு இருக்கை கீழ்த்தலையை இடித்து இடித்துப் பள்ளமாக்கியிருந்தது. திட்டமிட்ட மறுபயன் தோற்றது. யாரும் திட்டமிடாத மறுபயன்களே மீதி நூல்.

நின்ற கோலம் எண்ணற்றது. வேலிக்கால், பிளாட்பாரக் கூரைத்தூண், கேட்டுக்கு முன்னால் லாரியின் உயரம் அளக்கும் சட்டம், பழைய தெருவின் மின்கம்பம். பாதி மண்ணில் புதைந்து சுண்ணாம்பு பூசி நிற்பதும் இதில் அடங்கும். சில பழைய வீடுகளில் உத்தரமாகப் படுத்திருப்பதைக் கிடந்த கோலத்தில் சேர்ப்பதா என்று ஐயம் எழலாம். சேர்க்கலாகாது. அதன்மேல் ஓடுவது எதுவுமில்லை. அது தாங்கல் என்னும் தனிப்பிரிவு.

இருந்த கோலம் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் காணப்படும்: ஒரு முழத் துண்டு, கட்டைமேல் அமர்ந்து அடி வாங்கும்.

ஆகமம் அறியாத கோலம் ஒன்று மிச்சம்: தொங்கிய கோலம். பள்ளிக்கூட மணி அது. தண்டவாளத்தின் நுனியில், அடுத்ததோடு இணைக்கும் பிஷ்பிளேட்டின் போல்ட்டுக்கு முன்பே ஓட்டை இருக்கும்; கம்பியைக் கோத்து வேப்பங்கிளையில் கட்டினால் வேலை முடிந்தது. கரி மிகுந்த கெட்டி எஃகு, எங்கும் இறுகப் பிடிக்காமல் தொங்குவதால் ஒரு தட்டுக்கு நெடுநேரம் அதிரும். தடத்தில் இறுகக் கிடந்தபோது ஊமையாக இருந்தது, வேலை போனபின் ஊருக்கே கேட்கப் பேசுகிறது. இந்தக் குலம் அருகுகிறது. மின்மணி ஒரு காரணம். மற்றது, பற்றவைத்த நீள் தண்டவாளத்தில் போல்ட் இணைப்புகள் அரிதாகிவிட்டன. தயாரான ஓட்டையோடு துண்டு கிடைப்பது கடினம்.

உருமாறிய கோலம்: தலை, இடை, பாதம் என மூன்றாகக் கிழித்து மறுபடி கம்பியாக உருட்டுவது, அல்லது உலையில் உருக்குவது. களவியல்: தண்டவாளத் துண்டு ரசீதில்லாமல் கொல்லைப்புறத்தில் இருந்தால் 1966ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டம் பாயும், ஐந்தாண்டு வரை சிறை.

புறனடை: பூந்தமல்லிக்கு இதுநாள்வரை இந்நூலில் இடமில்லாமல் இருந்தது. இப்போது கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் மெட்ரோ தடத்துக்காக, ஜல்லியில்லாமல் கான்கிரீட் மேல், தூண் உயரத்தில் தண்டவாளம் கிடக்கிறது. இதை அந்தர சயனம் எனக் கொள்க.

கடைசியாக, இந்நூல் வாசகரிடம் கேட்பது ஒன்று. ஒவ்வொரு தண்டவாளத்தின் இடையிலும் ஆலையின் பெயர், எடை, உருட்டிய ஆண்டு ஆகியவை புடைத்த எழுத்தில் இருக்கும். மாதத்தை ரோமன் எண்ணில் போடுவதும் உண்டு. பாரோ, கேமல், டவ்லைஸ் என்ற பழைய பிரிட்டிஷ் ஆலைப் பெயர்கூட அகப்படலாம். பள்ளிக்கூடத்திலோ பட்டறையிலோ பழைய துண்டைக் கழிக்கும்போது கேஸ் கட்டரை அந்த எழுத்தின் மேல்தான் வைக்கிறார்கள். வெட்டுமுன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காகிதம் வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். 1900க்கு முந்தைய ஆண்டு தெரிந்தால் அந்த ஓரடியை மட்டும் அறுக்காமல், ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002 முதல் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.