புது சக்குக்குப் பொட்டு வெச்சாச்சா கண்ணு?

வா கண்ணு, வா. புது காலெட் சக்கு மாட்டியாச்சாமே? சந்தனம், குங்குமம் எல்லாம் அம்சமா இருக்குது. ஆனா வேலை நாலு கோடு அவுட் அடிக்குதுன்னு கடைக்காரனை வையறியாம். நல்லா வை. காசு குடுத்தவன் நீ.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. ஸ்பிண்டில் மூக்கைத் துடைச்சியா? பொட்டு வெக்கறதுக்குத் துடைச்சதைக் கேக்கலை. மரையிலயும், சக்கு உக்கார்ற முகத்துலயும் ஒட்டியிருக்கற பிசிறைக் கேக்கறேன். மயிர் கனத்துக்கு ஒண்ணு சிக்குனாப் போதும், சக்கு சாஞ்சுக்கும். சாஞ்சதை எந்தச் சுத்தியலாலயும் நிமித்த முடியாது.

சக்குக்குப் பின்னாடி மாட்டற பேக் பிளேட்டை முடிச்சதாவே வாங்கிப்போட்டயாட்ட இருக்குது. அது செஞ்சவன் லேத்துல ட்ரூவாத்தான் இருந்திருக்கும். கூடவே அந்த லேத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாம். பிளேட்டை உன்ற ஸ்பிண்டில்லயே மாட்டி, முகத்துல லேசா ஒரு கட் எடுக்கோணும். சக்குப் பள்ளத்துக்குள்ள போற மேடு இருக்குதே, அதைப் பள்ளத்தை விடப் பத்துக் கோடு, அதாவது 0.1 மி.மீ., சின்னதாக் கடைஞ்சு விடு. இறுக்கமாத்தான் வெக்கோணும்னு சத்தியம் பண்றவங்களும் கணபதிப் பட்டறைங்க பக்கம் இருக்காங்க. பள்ளமும் காலெட் உக்கார்ற டேப்பரும் ஒரே மையத்துல இருக்கும்னு நம்பற நல்ல மனுசங்க. எனக்கு அத்தனை பக்தி இல்லை. தட்டி நகத்தக் கொஞ்சம் எடம் வேணும்.

அடுத்து டயல். நீ வெச்ச எடத்தைப் பாத்தேன், சக்கோட வெளிப்பக்கம். மினுமினுன்னு இருக்குதுன்னுதானே? மாப்பிள்ளை பாக்கப் போனவன் வாசல்ல கெடந்த செருப்பைப் பாத்துப்போட்டு வந்த மாதிரி. ஈஆர் காலெட் உக்கார்றது உள்ள இருக்கற டேப்பர்ல, பக்கத்துக்கு 8 டிகிரி சரிவு. டயல் முனையை அங்க வெச்சுக் கையால சுத்து. சக்கைப் பிளேட்டோட சேக்கற போல்ட்டெல்லாம் சும்மா பிடிச்சிருந்தாப் போதும். உசந்த எடத்தை மேல கொண்டாந்து பித்தளைக் கட்டையால தட்டு. டயல்ல நாலு கோடு ஓடுனா மையம் தள்ளியிருக்கறது ரெண்டே கோடுதான், அதனால ரெண்டுதான் தட்டோணும். நீ நாலையும் தட்டுவே. உசரம் எதிர்ப்பக்கம் போயிரும், மறுபடியும் நாலு தட்டுவே. பொழுது நல்லாப் போகும்.

சரியா நின்னப்புறம் போல்ட்டை எதிரெதிராக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்கு. இறுக்கிப்போட்டு மறுபடியும் டயலைப் பாரு, நகந்திருக்கும்.

அப்புறம் சாணை பிடிச்ச பின்னு ஒண்ணை காலெட்ல பிடிச்சு, வாய்கிட்ட ஒரு தடவை, 50 மி.மீ. தள்ளி ஒரு தடவை பாரு. வாய்கிட்ட நின்னு தள்ளி ஆடுனா, காலெட்டைக் கால் சுத்துத் திருப்பி மாட்டு. ஆட்டம் காலெட்டோடவே நகந்தா காலெட்டைத் திட்டு. சக்கோடவே நின்னா, துடைக்காத அந்த முகத்துக்குத் திரும்பிப் போ. கடைக்காரன் முறை அதுக்கப்புறந்தான்.

என்ன முழிக்கறே? காலெட் கழண்டு வரலையா? அதை முதல்ல நட்டுக்குள்ள டக்குன்னு மாட்டிப்போட்டுத்தான் சக்குல ஏத்தோணும். நீ குழியில போட்டு மேல நட்டைத் திருகியிருக்கறே. இனிப் பின்பக்கத்துல இருந்து கட்டை விட்டுத் தட்டு. நான் டீ குடிச்சுப்போட்டு வர்றேன்.